ஈறு நோயால் ஆடும் பற்களுக்கு இம்ப்ளான்ட் துணை: எப்போது, எங்கே, எத்தனை

ஈறு நோயால் பற்கள் ஆடத் தொடங்கியவர்கள் பல் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "இம்ப்ளான்ட் வைத்து இந்தப் பற்களைப் பிடித்து நிறுத்த முடியுமா?" என்பதுதான். சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுப்பது போல, ஆடும் பல்லுக்குப் பக்கத்தில் தாடை எலும்பில் இம்ப்ளான்ட் எனப்படும் டைட்டானியம் திருகு ஒன்றைப் பதித்து அதனோடு பல்லைக் கட்டிவிடலாம் என்ற எண்ணம் இக்கேள்விக்குப் பின்னால் இருக்கிறது. இம்ப்ளான்ட் அப்படி வேலை செய்வதில்லை. ஏற்கெனவே விழுந்துவிட்ட பற்களின் இடத்திலோ, காப்பாற்ற வழியில்லாமல் எடுக்கப்பட்ட பற்களின் இடத்திலோ நின்று, மெல்லும்போது உண்டாகும் சுமையில் பெரும்பகுதியைத் தானே வாங்கிக்கொள்வதே அதன் பணி. அந்தச் சுமை குறைந்த பிறகு, நோய் அடங்கிய எஞ்சிய பற்கள், சுற்றிலும் எலும்பு குறைந்திருந்தாலும், பல ஆண்டுகள் நிலைத்திருக்கின்றன. ஆகவே முதலில் நோயை அடக்க வேண்டும். அடுத்து, எந்தப் பல்லை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். இம்ப்ளான்ட் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் செலவழிப்பவர்கள் குறைவில்லை என்பதால், ஒவ்வொரு கட்டத்தையும் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பல் ஏன் ஆடுகிறது

பல்லின் வேர் தாடை எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள நார்த்திசு ஒன்று இருக்கிறது. கடிக்கும்போது பல் மிகச் சிறிதளவு அமிழ்ந்து மீள்வதும், வாயில் ஒரு சிறு கல் அகப்பட்டால் உடனே உணர முடிவதும் இந்த நார்களால்தான். பல்லும் ஈறும் சந்திக்கும் இடத்தில் படியும் கிருமிப் படலம் நாள்தோறும் அகற்றப்படாதபோது, ஈறு வீங்கிக் குருதி கசிகிறது. படலம் கெட்டிப்பட்டுக் காரையாகிறது. பலருக்கு அழற்சி மெல்ல உள்ளிறங்கி, நார்களையும் எலும்பையும் அரித்து, பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் ஆழமான பைகளை உருவாக்குகிறது. நலமான ஈறில் இந்த இடைவெளி 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருக்கும். 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்து, குருதியும் கசிந்தால் கவனிக்க வேண்டும். 6 மில்லிமீட்டரைத் தொட்டால் நோய் ஆழமாக இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

எலும்பு இழப்பு மட்டுமே பல் ஆடுவதற்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. ஈறும் நார்த்திசுவும் அழற்சியால் தளர்ந்திருப்பது ஒரு காரணம். பின்பற்கள் பலவற்றை இழந்த பிறகு எஞ்சியவற்றின் மீது அளவுக்கு மீறிய கடிவிசை விழுவது மற்றொன்று. இழந்த எலும்பு பெரும்பாலும் முழுமையாகத் திரும்புவதில்லை என்றாலும், பிந்திய இரண்டு காரணங்களையும் சிகிச்சையால் நீக்க முடியும். முதல் நாள் சோதனையில் நன்றாக ஆடிய பல், மூன்று மாதத்திற்குப் பின் கணிசமாக உறுதிப்பட்டிருப்பது ஈறு மருத்துவர்கள் வழக்கமாகக் காண்பது. ஆகவே முதல் சந்திப்பிலேயே "இத்தனை பல்லை எடுத்துவிட்டு இத்தனை இம்ப்ளான்ட் வைப்போம்" என்று கணக்குப் போட்டுத் தரப்படும் திட்டத்திற்கு உடனே ஒப்புதல் கொடுக்காதீர்கள். கடும் வலி, சீழ்க்கட்டி போன்ற அவசரம் இல்லாதவரை அந்த முடிவுக்குச் சில மாதங்கள் காத்திருக்கலாம்.

ஆட்டத்தை மருத்துவர்கள் மூன்று படிகளாகக் குறிப்பர். பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் வரை அசைந்தால் முதற்படி, அதைத் தாண்டினால் இரண்டாம் படி, மேலும் கீழுமாகவும் அமுங்கி எழுந்தால் மூன்றாம் படி. உங்கள் பதிவேட்டில் ஒவ்வொரு பல்லுக்கும் இந்தப் படியும், பல்லைச் சுற்றி ஆறு இடங்களில் எடுத்த பை ஆழமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்த அட்டவணை இல்லாமல் தொடங்கினால், மூன்று மாதம் கழித்து முன்னேற்றத்தை ஒப்பிட எதுவும் இருக்காது.

முதலில் நோயை அடக்குதல்

தமிழ்நாட்டில் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையை இங்கே தொட்டுச் செல்ல வேண்டும். பல்லைக் கிளீன் செய்தால் பல் ஆடத் தொடங்கிவிடும் என்று அஞ்சி, ஆண்டுக்கணக்கில் ஸ்கேலிங்கைத் தள்ளிப்போடுபவர்கள் பலர். எலும்பு கரைந்த இடத்தைக் காரை நிரப்பி, பக்கத்துப் பற்களைச் சேர்த்துக் கட்டியது போல் வைத்திருப்பதால், அதை அகற்றியதும் முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்குவதால் பற்களுக்கிடையே சந்தும் தெரிகிறது, குளிர்ந்த நீர் சில வாரங்கள் கூசவும் செய்கிறது. காரையை விட்டுவைத்தால் ஆட்டம் மறைந்திருக்கும், எலும்பு கரைவதும் தொடரும்.

சிகிச்சையின் முதற்பகுதி நோயாளியின் கையில் இருக்கிறது. மென்மையான பிரஷால் நாளுக்கு இருமுறை ஈறோரத்தைத் துலக்குவதோடு, பற்களுக்கு இடையே நுழையும் சிறு பிரஷை நாளுக்கு ஒருமுறையேனும் பயன்படுத்த வேண்டும். ஈறு இறங்கிச் சந்து விரிந்த வாயில் நூலைவிட இந்தச் சிறு பிரஷே சிறப்பாக வேலை செய்கிறது. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படலாம் என்பதால், எந்தச் சந்துக்கு எந்த அளவு என்பதை மருத்துவமனையிலேயே கண்ணாடி பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். உப்பு, சாம்பல், சொரசொரப்பான பற்பொடி ஆகியவற்றை இந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுவது நல்லது, ஏனெனில் ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி எனாமல் இல்லாத மென்பகுதி, விரைவில் தேய்ந்துவிடும்.

இரண்டாவது, உடல்நிலை. கட்டுப்படாத நீரிழிவும் புகையிலையும் ஈறு நோயை விரைவுபடுத்துவதோடு, பின்னால் வரப்போகும் இம்ப்ளான்டையும் பாதிப்பவை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நலம். 8-ஐத் தாண்டியிருந்தால் மருத்துவர்கள் பலர் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைப்பர். இதில் இருவழிப் பயன் உண்டு: ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை பெற்ற நீரிழிவாளர்களுக்கு அடுத்த சில மாதங்களில் எச்பிஏ1சி ஏறத்தாழ 0.4 சதவீதப் புள்ளி குறைவதை ஆய்வுத் தொகுப்புகள் காட்டியிருக்கின்றன. புகைப்பவர்களுக்கு ஈறில் குருதிக் கசிவு குறைவாகத் தெரிவதால் நோய் இல்லாதது போன்ற தோற்றம் ஏற்படும். அதை நம்பக் கூடாது. பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எதுவாயினும், நிறுத்துவது இம்ப்ளான்டுக்கு முந்தைய நிபந்தனையாகவே கொள்ளத்தக்கது.

மூன்றாவது, மருத்துவர் செய்வது: ஈறுக்கு மேலேயும், மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியிலும் காரையையும் கிருமிப் படலத்தையும் நீக்குதல். இதை வலதுபக்கம், இடதுபக்கம் என்று பிரித்துச் சில அமர்வுகளில் முடிப்பார்கள். 8 முதல் 12 வாரங்கள் கழித்து எல்லா அளவுகளையும் மறுபடி எடுக்க வேண்டும். ஆழமான பைகள் எஞ்சியிருந்தால் ஈறைத் திறந்து வேரைச் சுத்தம் செய்யும் ஃபிளாப் அறுவையோ, எலும்பில் ஏற்பட்ட குறுகிய ஆழ்குழிகளுக்கு எலும்புத் துகளும் சவ்வும் வைக்கும் சிகிச்சையோ தேவைப்படலாம். எட்ட வேண்டிய இலக்கு எளிதாகச் சொல்லக்கூடியது: 6 மில்லிமீட்டர் பை எங்கும் இருக்கக் கூடாது; 4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பை எதிலும் குருதி கசியக் கூடாது. எல்லா வாயிலும் இதை முழுமையாக எட்ட முடியாது என்றாலும், இலக்கிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் வாயில் இம்ப்ளான்ட் பதிப்பது, எஞ்சிய பைகளில் வாழும் கிருமிகளைப் புதிய திருகின் மீது குடியேற அழைப்பதாகும். சில வாரங்களிலேயே அவை அங்கே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

எந்தப் பல் இருக்கும், எது போகும்

மறுமதிப்பீட்டுக்குப் பின் பற்கள் மூன்று கூட்டமாகப் பிரியும். நன்றாக நிற்பவை, ஐயத்திற்குரியவை, வைத்திருக்க வழியில்லாதவை. வேரின் நுனிவரை எலும்பு போய், மேலும் கீழும் அமுங்கி எழும் பல்லையும், நெடுக்காக வேர் பிளந்த பல்லையும் எடுப்பதில் தயங்க வேண்டியதில்லை. மேற்பல்லை எடுத்தால் கண்பார்வை குறையும் என்ற அச்சத்திற்கு எந்த அடிப்படையும் இல்லை. சிக்கல் நடுக்கூட்டத்தில்தான் இருக்கிறது. பாதி எலும்பை இழந்து, இரண்டாம் படியில் ஆடும் கோரைப்பல் ஒன்றை எடுப்பதா வைப்பதா?

இதில் என் சாய்வு வைத்துக்கொள்வதன் பக்கமே. அதற்கு ஆதாரமும் உண்டு. சுவீடனில் நைமன், லிண்டே ஆகியோர் 1970-களில் செய்த ஆய்வுகளில், எலும்பு பெருமளவு கரைந்த பற்களின் மீதே, நோயை முற்றிலும் அடக்கிய பின், நீண்ட பிரிட்ஜுகளை (இல்லாத பற்களின் இடத்தை நிரப்பி, நிற்கும் பற்களின் மேல் பொருத்தும் பல்வரிசைகளை) கட்டி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தனர். அந்தப் பற்கள் குறைந்த எலும்போடு சுமை தாங்கின. பல் எவ்வளவு எலும்பை இழந்தது என்பதைக் காட்டிலும், இழப்பு நின்றுவிட்டதா என்பதே அதன் ஆயுளைத் தீர்மானித்தது. இம்ப்ளான்டைப் பின்னரும் பதிக்கலாம், எடுத்த பல்லை மீண்டும் நட முடியாது என்பதும் இந்தச் சாய்வுக்கு ஒரு காரணம்.

எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு ஒரு தாடைக்கு நான்கு இம்ப்ளான்ட் வைத்து முழுவரிசையையும் பொருத்தும் ஆல்-ஆன்-ஃபோர் முறை விளம்பரங்களில் அதிகம் இடம்பெறுகிறது. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் பாவ்லோ மாலோ வளர்த்தெடுத்த அந்த முறை, உண்மையிலேயே பற்கள் காப்பாற்ற முடியாத நிலையை அடைந்தவர்களுக்குப் பெரும் விடுதலை. ஆனால் பத்துப் பன்னிரண்டு பற்கள் இன்னும் நிற்கக்கூடிய வாயில் வேலையை எளிதாக்கிக்கொள்வதற்காக அதைப் பரிந்துரைப்பது சரியன்று. பற்களை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டால் ஈறு நோயே போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். நோய்க்கு இடம்கொடுத்த உடல்வாகும், துலக்கும் பழக்கமும், புகையிலையும் அப்படியே இருக்குமானால், அதே அழற்சி இம்ப்ளான்டைச் சுற்றி வரும். முழுவரிசை எடுப்புப் பரிந்துரைக்கப்பட்டால், ஈறு நோயில் எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்த மற்றொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஈறு நோய்க்கென்றே தனித்துறை உண்டு.

சுமையைப் பங்கிடும் திட்டம்

நடைமுறையில் மிகுதியாகக் காணப்படும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், கீழ்த்தாடையின் இருபக்கமும் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாக இழந்துவிட்டார். மேல் முன்பற்கள் விசிறி போல் விரிந்து முன்னே தள்ளி, நடுவில் சந்து விழுந்திருக்கிறது. கீழ் முன்பற்கள் ஆடுகின்றன. முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது முன்பற்களின் குறை என்பதால் அவர் கேட்பது முன்பற்களுக்கான சிகிச்சை. கோளாறின் வேர் பின்னால் இருக்கிறது. வாயை மூடும்போது தாடைகளைத் தாங்கி நிறுத்த வேண்டிய கடைவாய்ப் பற்கள் இல்லாததால், கீழ் முன்பற்கள் மேல் முன்பற்களின் உட்புறத்தில் மோதி, எலும்பு குறைந்த அந்தப் பற்களை ஒவ்வொரு கடியிலும் வெளியே தள்ளுகின்றன. 2017-இல் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் கூடி உருவாக்கிய வகைப்பாட்டில், இப்படிக் கடியே சரிந்த நிலை நான்காம் நிலை ஈறு நோயாகக் குறிக்கப்படுகிறது.

இங்கே இம்ப்ளான்ட் போக வேண்டிய இடம் கீழ்த்தாடையின் பின்பகுதி. பக்கத்திற்கு இரண்டு திருகுகள், தேவைப்பட்டால் அவற்றின் மீது மூன்று பற்கள் கொண்ட ஒரு பிரிட்ஜ். அவ்வளவிலேயே தாடைகளுக்கு மீண்டும் நிலையான ஒரு தாங்கல் கிடைத்துவிடுகிறது. முன்பற்களின் மீது விழுந்த தள்ளுவிசை நீங்குகிறது. அதற்குப் பிறகு, நோய் அடங்கியிருக்கும் பட்சத்தில், விரிந்த முன்பற்களை மென்மையான விசையுள்ள கிளிப் சிகிச்சையால் உள்ளே கொண்டுவரலாம். எலும்பு குறைந்த பின்பற்களைப் பிடிமானமாக வைத்து இழுத்தால் அவையே நகர்ந்துவிடும், ஆனால் அசையாத இம்ப்ளான்ட் மிகச் சிறந்த பிடிமானம். இழுத்து முடித்த பற்கள் பழைய இடத்திற்குத் திரும்பாமலிருக்க, அவற்றின் உட்புறத்தில் மெல்லிய கம்பியோ இழைப் பட்டையோ வைத்து, பல் நிறக் காம்போசிட்டால் ஒன்றோடொன்று பிணைப்பார்கள். இந்தப் பிணைப்பு நோயைக் குணப்படுத்தாது. மெல்லும்போது உண்டாகும் அசௌகரியத்தைக் குறைத்து, இடத்தைக் காக்கும். ஆடும் பற்களைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று முதலில் கேட்டதற்கு உண்மையான விடை இங்கேதான் இருக்கிறது: பற்கள் பற்களோடு பிணைக்கப்படுகின்றன, இம்ப்ளான்ட் பின்னால் தனியே நின்று சுமையை வாங்குகிறது.

விழுந்த ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் இம்ப்ளான்ட் என்ற கணக்கு தேவையற்றது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் கைசர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு முதற்கொண்டு, முன்பற்களும் முன்கடைவாய்ப் பற்களும் ஒழுங்காக இருந்தால் கடைவாய்ப் பற்கள் இல்லாமலேயே பலர் திருப்தியாக மெல்ல முடிகிறது என்பது தெரிந்திருக்கிறது. ஆகவே கடைசிக் கடைவாய்ப் பல் வரை நிரப்பச் சொல்லும் திட்டத்தில், "இந்த இம்ப்ளான்ட் இல்லாவிட்டால் எந்தப் பல்லுக்கு என்ன ஆகும்?" என்று ஒவ்வொன்றையும் குறித்துக் கேட்பது நியாயமான கேள்வி. விடை தெளிவாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்லையும் இம்ப்ளான்டையும் ஒரே பிரிட்ஜில் கட்டலாமா

தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பது நல்லது. நலமான பல் கடிவிசையின் கீழ் நெடுக்காக 25 முதல் 100 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை அமிழும். எலும்போடு நேரே இணைந்த இம்ப்ளான்ட் 3 முதல் 5 மைக்ரான் மட்டுமே அசையும். ஈறு நோயால் தளர்ந்த பல்லோ இன்னும் கூடுதலாக அமிழும். இரண்டையும் ஒரே பிரிட்ஜில் பிணைத்தால், ஒவ்வொரு கடியிலும் பிரிட்ஜ் பல் பக்கம் தொங்குவது போலாகி, முழு வளைவிசையும் இம்ப்ளான்டின் திருகிலும் அதைச் சுற்றிய எலும்பிலும் விழுகிறது. நாளடைவில் பல்லின் மீதுள்ள சிமென்ட் விடுபட்டு உள்ளே சொத்தை விழலாம். சிலருக்குப் பல் மெல்ல எலும்புக்குள் அமிழ்ந்து பிரிட்ஜிலிருந்து விலகுவதும் உண்டு. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மதிப்பீடுகளில், 10 ஆண்டுகள் கழித்து நிலைத்திருந்த பிரிட்ஜுகள் இம்ப்ளான்ட் மட்டுமே தாங்கியவற்றில் ஏறத்தாழ 87 சதவீதம். பல்லும் இம்ப்ளான்டும் சேர்ந்து தாங்கியவற்றில் ஏறத்தாழ 78 சதவீதம். நரம்பு, சைனஸ் (மேல்தாடை எலும்புக்குள் உள்ள காற்றறை) போன்ற உடற்கூற்றுக் காரணங்களால் இரண்டாவது திருகுக்கு இடமே இல்லாதபோது மருத்துவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்போதும் பல் உறுதியாக நிற்க வேண்டும், இணைப்பு இடையில் மூட்டு இல்லாத ஒரே துண்டாக இருக்க வேண்டும், பிரிட்ஜ் நீளம் குறைவாக இருக்க வேண்டும். ஆடும் பல்லை இம்ப்ளான்டோடு கட்டுவதாக யாரேனும் சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

எலும்பு, ஸ்கேன், பதித்தல்

ஈறு நோய் வந்த தாடையில் எலும்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். பல் எடுத்த பிறகு அது மேலும் சுருங்கும்: ஓராண்டில் குழியின் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே நிகழ்வதும் அறியப்பட்டவை. ஆகவே பல்லை எடுக்கும் நாளிலேயே இம்ப்ளான்ட் திட்டமும் கையில் இருப்பது பயனுள்ளது. குழியில் எலும்புத் துகள் நிரப்பினால் சுருக்கம் குறையும், நிற்காது. சீழ் உள்ள குழியில் அன்றே திருகு வைப்பதைவிட, ஈறு மூடிய பின்னரோ மூன்று நான்கு மாதம் கழித்தோ வைப்பது ஈறு நோயாளிகளுக்குப் பாதுகாப்பானது என்று கருதுகிறேன்.

திட்டமிட முப்பரிமாண சிபிசிடி ஸ்கேன் எடுக்கப்படும். மேல்தாடையின் பின்பகுதியில் சைனஸ் அறை தாழ்ந்திருந்தால் அதன் தரையை உயர்த்தி எலும்பு சேர்க்க வேண்டியிருக்கும், அல்லது 6 மில்லிமீட்டர் அளவுள்ள குட்டையான திருகு போதுமா என்று பார்ப்பார்கள். கீழ்த்தாடையில் உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு எலும்புக்குள் ஓடுகிறது. திருகின் நுனிக்கும் அதற்கும் குறைந்தது 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மில்லிமீட்டர், இரண்டு திருகுகளுக்கிடையே 3 மில்லிமீட்டர் என்பவை எலும்பு காக்கும் இடைவெளிகள். இவற்றை நோயாளி அளக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்கேன் இல்லாமல், சாதாரண எக்ஸ்ரே ஒன்றை மட்டும் பார்த்து, எலும்பு கரைந்த தாடையில் பல திருகுகள் பதிக்க முன்வருபவரிடம் ஏன் என்று கேட்கலாம்.

மருந்துப் பட்டியலை முழுமையாகக் கொடுங்கள். எலும்புத் தேய்மானத்திற்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் அலென்ட்ரோனேட், சோலெட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் ஆகியவை தாடை எலும்பு ஆறாமல் போகும் அரிய, ஆனால் கடுமையான சிக்கலோடு தொடர்புடையவை. ஆண்டுக்கு ஒருமுறை ஊசியாகப் போடப்படுவதை மருந்தாகவே எண்ணாமல் சொல்லாமல் விடுபவர்கள் உண்டு. தாடைக்குக் கதிர்வீச்சுப் பெற்றிருந்தாலும் சொல்ல வேண்டும். குருதி உறையாமை மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதைத் தந்த மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

பதிக்கும் நாள் பலர் அஞ்சுவதைவிட எளிதானது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறைத் திறந்து, குளிர்ந்த உப்புநீர் பாய்ச்சியபடி மெதுவாகத் துளையிட்டு, திருகை முடுக்குவார்கள். இரண்டு மூன்று நாள் வீக்கம் இயல்பு. பதித்த சில வாரங்களில், பழைய எலும்பு கரைந்து புதியது உருவாகும் இடைக்காலத்தில், திருகின் பிடிப்புத் தற்காலிகமாகக் குறையும். வலி இல்லாததால் எல்லாம் ஆறிவிட்டது என்று எண்ணி அந்தப் பக்கம் முறுக்கு கடிக்கக் கூடாத காலம் இதுதான். மேலே பல் பொருத்த, எலும்பின் தரத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதம் ஆகும். டைட்டானியம் எலும்போடு இணைவதைக் கண்டறிந்த சுவீடனின் பிரோனமார்க், 1965-இல் முதல் நோயாளிக்குப் பதித்த காலத்திலிருந்தே இந்தக் காத்திருப்பு சிகிச்சையின் பகுதியாக இருந்து வருகிறது. இன்றைய திருகுகளின் சொரசொரப்பான மேற்பரப்பு அதைச் சுருக்கியிருக்கிறது.

மேலே வரும் பல்லைக் குறித்து இரண்டு விஷயங்களை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒன்று, சிமென்டால் ஒட்டுவதைவிட, பல்லை இம்ப்ளான்டோடு இணைக்கும் சிறு உள்திருகால் பொருத்துவது ஈறு நோய் வந்தவர்களுக்கு நல்லது. ஈறுக்கடியில் தங்கும் சிறு சிமென்ட் துணுக்குகூட அழற்சியைத் தொடங்கிவைக்கும்; உள்திருகால் பொருத்தியதைப் பழுது பார்க்கக் கழற்றுவதும் எளிது. மற்றொன்று, பல்லின் அடிப்பகுதி சிறு பிரஷ் நுழையும்படி அமைய வேண்டும். அழகுக்காக ஈறோடு அழுத்தி மூடிய வடிவம், துலக்க முடியாத வடிவம். பொருத்தும் நாளிலேயே பிரஷை நுழைத்துக் காட்டச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் அன்றே திருத்த முடியும். கடியைச் சரிபார்க்கும்போதும் அவசரம் கூடாது. இம்ப்ளான்டைச் சுற்றி உணர்வு நார்கள் இல்லாததால், அதில் விழும் மிகைவிசையை நோயாளியால் எளிதில் உணர முடியாது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் வழக்கம் இருந்தால் இரவில் அணியும் கடித்தகடு கட்டாயம்.

திருகின் நிறுவனம், விட்டம், நீளம், தொகுதி எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டு ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் வரும். அதை உங்கள் பதிவேட்டில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து வேறு ஊரில் உள்திருகு தளர்ந்தால், எந்தக் கருவி பொருந்தும் என்பது அந்தச் சீட்டு இல்லாமல் தெரியாது.

அதற்குப் பிறகு

இயற்கைப் பல்லில் ஈறு நார்கள் வேருக்குள் ஊன்றி ஓர் அரணாக நிற்கின்றன. இம்ப்ளான்டைச் சுற்றி அவை ஊன்றாமல் பக்கவாட்டில் ஓடுவதால் அரண் பலவீனமானது. அழற்சி தொடங்கினால் எலும்பை அடைய எடுத்துக்கொள்ளும் காலமும் குறைவு. ஈறு நோயின் வரலாறு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது உறுதிப்பட்ட ஒன்று. எனவே முதல் ஆண்டில் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், பின்னர் நிலைமைக்கு ஏற்ப மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் பரிசோதனைக்குப் போவதை இம்ப்ளான்ட் செலவின் ஒரு பகுதியாகவே முதலிலேயே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். தொடர்ந்து வர இயலாது என்று தெரிந்தவருக்கு, கழற்றி மாட்டும் பல் செட்டும் கவனமாகப் பிணைத்த பற்களும் இம்ப்ளான்டைவிடப் பொருத்தமாக இருக்கக்கூடும்.

இம்ப்ளான்டின் மேல் பல் பொருத்திய நாளில் ஓர் எக்ஸ்ரே எடுத்து வைக்க வேண்டும். ஓராண்டு கழித்து எடுப்பதை அதனோடு ஒப்பிட்டால்தான் எலும்பு இறங்குகிறதா என்பது தெரியும். ஒவ்வொரு வருகையிலும் பற்களைப் போலவே இம்ப்ளான்டைச் சுற்றியும் மென்மையாக அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். திருகைத் தொடவே கூடாது, கீறிவிடும் என்று சொல்லி அளக்காமல் அனுப்பும் பழைய வழக்கம் இன்றைய வழிகாட்டுதல்களுக்கு ஒத்ததன்று.

வீட்டில் பார்க்க வேண்டியவை சில. துலக்கும்போது இம்ப்ளான்டைச் சுற்றிக் குருதி, அழுத்தினால் சீழ், ஈறு சிவந்து தடித்தல், புதிதாக ஒரு துர்நாற்றம். இவற்றில் எதுவும் வலியோடு வரும் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலும் வலி இருப்பதில்லை. ஈறளவில் நிற்கும் அழற்சியைச் சுத்தம் செய்தே மீட்டுவிட முடியும், எலும்பு கரையத் தொடங்கிய பிறகு அறுவை தேவைப்படுவதோடு முழு மீட்சிக்கு உறுதியும் இல்லை. மேலே உள்ள பல் ஆடினால் முதலில் ஐயப்பட வேண்டியது உள்திருகின் தளர்ச்சி. ஓரிரு நாளில் போய் முடுக்கிக்கொண்டால் சரியாகிவிடும், ஆடியபடியே வாரக்கணக்கில் மென்றால் திருகு முறியக்கூடும். எலும்பில் பதிந்த இம்ப்ளான்டே ஆடினால் அதை எடுப்பது தவிர வழியில்லை. எடுத்த இடம் ஆறிய பின், ஏன் ஆடியது என்பது தெரிந்திருந்தால், பெரும்பாலானவர்களுக்கு மறுபடி பதிக்க முடியும்.